தோற்ற முகம்

பேரண்ட நாயகன் திகழ்மாறன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தோற்றிருக்கிறார். அது பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில். ரசிகர் மன்றம் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

அதன் பிறகு தோல்வி என்ற சமாசாரமே அவருக்குப் பழக்கமில்லை. திரையில் அவர்மேல் லாரி மோதினால் லாரி நசுங்கும். அவரைக் கடலில் தள்ளினால் கடல் இரண்டடி பின்வாங்கும். இதெல்லாம் நடக்கிற நேரத்தில் திகழ்மாறன் பெரும்பாலும் ஏ.சி. வேனுக்குள் மோர் குடித்துக்கொண்டிருப்பார். லாரிக்கு எதிரே நின்றவரும், கடலில் விழுந்தவரும், மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தவரும் எத்திராஜ்.

எத்திராஜ், டூப். பின்னாலிருந்து பார்த்தால் திகழ்மாறனைப் பெற்ற தாயே "சாப்பிட வாடா" என்று கூப்பிடுவாள். அப்படி ஒரு கழுத்து, அப்படி ஒரு தோள், அப்படி ஒரு நடை. முன்னாலிருந்து பார்த்தால், சாலிகிராமத்தில் கேஸ் சிலிண்டர் வண்டிக்காகத் தெருமுனையில் நிற்கிற யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவராக இருப்பதுதான் அந்தத் தொழிலுக்கு முதல். டூப்புக்கு முதுகு சோறு போடும். முகம் யாருக்கும் தெரியாமல் சும்மா இருந்தால் போதும். முகம் தெரிந்துவிட்டால், ஹீரோ மாடியிலிருந்து குதிக்கும்போது ஜனங்கள் ஹீரோவைப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவுதான், முதுகுக்கும் சோறு நின்றுவிடும்.

இந்த நிலைமையில்தான் ‘சனிப்பெயர்ச்சி 2099’ வெளியானது. சனி கிரகத்தின் வளையத்தைக் கழற்றிப் பூமியின் கழுத்தில் மாட்டிவிட ஒரு இரும்புப் படை புறப்பட்டு வருகிறது. திகழ்மாறன் மோட்டார் சைக்கிளில் எதிரே போய்த் தடுக்கிறார். காற்றில்லாத வெளியில் மோட்டார் சைக்கிள் எப்படி ஓடும் என்று ஒரு விமர்சகர் கேட்டதற்கு, அண்ணன் ஓட்டினால் ஓடும் என்று இயக்குநர் அறிவியல்பூர்வமாகப் பதில் சொன்னார். படமும் ஓடியது. ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருந்த ‘விண்விளை’ என்ற கம்பெனி அதை மால்களில் வைக்கிற ஆர்கேட் கேமாக மாற்ற உரிமை வாங்கியது.

திகழ்மாறன் எத்திராஜின் தோளில் கை போட்டார். "எத்தி, படத்துலதான் நீ என் ஒடம்புன்னு இல்ல, கேம்லயும் நீதான். போய்க் குடுத்துட்டு வா."

விண்விளையில் எத்திராஜை வரவேற்றவர் ஸ்ரீவத்சன், முதன்மை அனுபவ அதிகாரி. அந்தக் கம்பெனியில் எல்லோருமே ஏதோ ஒன்றுக்கு முதன்மை. வாசலில் நின்ற செக்யூரிட்டி மட்டும் வெறும் செக்யூரிட்டி.

"சாதாரணமா என்ன பண்ணுவாங்கன்னா சார்," என்றார் ஸ்ரீவத்சன், "நீங்க விழறதை எடுத்து வெச்சுப்பாங்க. அதையே திருப்பித் திருப்பிப் போடுவாங்க. விளையாடறவனுக்கு நாலே ஆட்டத்துல அலுத்துடும். நாங்க விழறதை எடுக்கல. விழறவரை எடுக்கறோம்."

"பிரியலியே சார்."

"உங்க நரம்பு எப்படி ஓடுது, மூளை எந்த நொடியில பயப்படுது, எந்தத் தோளை முதல்ல தரைக்குக் குடுக்குது, எல்லாத்தையும் சேர்த்து உங்களோட ஒரு நகல். அப்புறம் அவர் பாட்டுக்கு உள்ள இருந்துட்டு, ஒவ்வொரு தடவையும் புதுசா விழுவார்."

"அவரா? எவரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப நானு?"

"நீங்க காபி சாப்ட்டுட்டுக் கிளம்பிடலாம்."

எத்திராஜ் யோசித்தார். விழுகிற வேலையை வேறொருவன் பார்க்க, காபி மட்டும் தன்னிடம் வருவது அவருடைய தொழில் வாழ்க்கையில் முதல் முறை. மீன் செதில் மாதிரி மினுங்கிய ஒரு உடையை மாட்டிவிட்டார்கள். தலையில் கூடை மாதிரி ஒன்று. நாள் முழுக்க விழுந்தார். முன்னால், பின்னால், பக்கவாட்டில், சுழன்று, உருண்டு. கடைசியில் கம்பெனிப் பிள்ளைகள் எல்லோரும் கைதட்டி, "சூப்பர் சார், தேங்க் யூ சார்" என்றார்கள். எத்திராஜ் உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

திறப்பு விழாவுக்கு மனைவி கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு போனார். மாலின் மேல்மாடியில், ஆட்டோ ஷெட் அளவுக்கு ஒரு மெஷின். உள்ளே போய்க் கையுறையும் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டால், திரையில் தலைக்கவசம் போட்ட திகழ்மாறன் நாம் கை வீசினால் வீசுவார், எட்டி உதைத்தால் உதைப்பார். இரும்புப் படை திருப்பி அடித்தால் ஜாக்கெட் நம் விலாவில் ஒரு குத்து குத்தும். வெளியே நிற்கிறவர்களுக்குப் பெரிய திரை. முதலில் உள்ளே போனது ஒரு காலேஜ் பையன். அவன் கை வீச, திரையில் திகழ்மாறனின் தோள் அதே மாதிரி இறங்கியது.

"அது நான்தான்," என்றார் எத்திராஜ், கஸ்தூரியின் காதில். "தோள் எறங்குது பாரு. அந்தாளுக்கு அப்டி எறங்காது. அவருக்குக் கழுத்துல புடிப்பு."

"கத்தாத. பக்கத்துல இருக்கறவங்க பாக்கறாங்க."

பையன் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஆடினான். பிறகு மூன்று இரும்பர்கள் சேர்ந்து அடித்ததில் திரையில் உருவம் தூக்கி எறியப்பட்டு, ஒரு பாறையில் மோதி, உருண்டு, மண்ணில் கிடந்தது. எத்திராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார். அருமையான விழுகை. தான்கூட அப்படி விழுந்ததில்லை. அப்போது கிடந்த உருவத்தின் தலைக்கவசம் தானாகத் திறந்தது.

உள்ளே எத்திராஜின் முகம்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒரு நொடி அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் முறையாகத் தன் முகத்தைத் திரையில் பார்க்கிறார், அதுவும் சுவர் அகலத்துக்கு. கஸ்தூரியின் கையைப் பிடித்து அழுத்தினார். கஸ்தூரி திருப்பி அழுத்தவில்லை. அவள் ஏற்கெனவே கேட்கத் தொடங்கியிருந்தாள். அரங்கம் முழுக்கத் திகழ்மாறனின் கம்பீரக் குரல்: "தோற்றது நானல்ல. என் வேடம் போட்டு வந்த துரோகி இவன்." முகத்தின் கீழே சிவப்பில் கொட்டை எழுத்து: டூப்பு.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மாலின் கூரை அதிர்ந்தது. காலேஜ் பையன் வெளியே வந்து, வரிசையில் நின்ற நண்பனிடம், "மச்சான், டூப்பாயிட்டேன்டா" என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தமிழனுக்கு டூப்பு என்றால் ஏற்கெனவே இரண்டு அர்த்தம். ஒன்று ஆள் மாற்று, இன்னொன்று அப்பட்டப் பொய். இப்போது தோல்வியும் சேர்ந்துகொண்டது. பரீட்சையில் போனவன் டூப்பானான். காதலில் கவிழ்ந்தவன் டூப்பானான். எதிர்க்கட்சி இடைத்தேர்தலில் டெபாசிட் இழந்தபோது, அமைச்சர் ஒருவர் மேடையிலேயே "டூப்பானார்கள்" என்று தமிழ் வளர்த்தார். எல்லாவற்றுக்கும் கூடவே அந்த முகம். வாட்ஸ்அப்பில், டீ ஷர்ட்டில், ஆட்டோவின் முதுகில். சாலிகிராமம் டீக்கடையில் எத்திராஜ் கிளாஸைக் கையில் எடுத்தால் யாராவது, "அண்ணே, ஒரே ஒரு தடவ விழுங்கண்ணே, செல்ஃபி" என்பார்கள். ஒருமுறை பெஞ்சு வழுக்கி நிஜமாகவே விழுந்துவிட்டார். கடையே எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டலையும் கேலியையும் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். விழுகிறவனுக்குத் தோல் தடிமன். ஆனால் கஜபதி மாஸ்டர் போன் செய்யவில்லை. சண்டைப் பயிற்சியாளர் கஜபதி அழைக்காத வாரமே எத்திராஜின் நினைவில் இல்லை. இப்போது மாதம் ஒன்று போயிற்று. நேரிலேயே போய் நின்றார்.

"எத்தி, நானே வர்லாம்னு இருந்தேன்," என்றார் கஜபதி, வரவேண்டும் என்று சற்றும் நினைத்திராத குரலில். "போன மாசம் அந்தப் புதுப் பையன் படத்துக்கு உன்ன குதிக்க வுட்டேன்ல?"

"நல்லாத்தானே வந்துச்சு மாஸ்டர்?"

"பிரமாதமா வந்துச்சு. போட்டுப் பாத்தோம். நீ பால்கனிலேர்ந்து திரும்பறப்ப, இந்தக் காது பக்கமா கொஞ்சம் மூஞ்சி தெரியுது. அவ்ளோதான். புரொடியூசர் பொண்டாட்டி, புள்ள, டிரைவரு, எல்லாம் சேந்துக்கினு டூப்பு டூப்புன்னு கத்துதுங்க. அழுவற சீனு எத்தி அது. ஹீரோவோட அப்பா செத்துட்டாரு."

"திருப்பி எடுத்தீங்களா?"

"வேற ஆள வெச்சு எடுத்தோம்." கஜபதி அவருடைய தோளைத் தட்டினார். "உன் முதுகுல ஒரு குறையும் இல்ல எத்தி. முன்னாடி பக்கம்தான் தொழிலுக்கு ஆவாம பூடுச்சு. அந்த மெஷின்லேர்ந்து மூஞ்சிய எடுக்கச் சொல்லு. ஜனம் நாலு மாசத்துல மறந்துடும். அப்புறம் வா."

ஆக, காரியம் சுலபமாகிவிட்டது: மெஷினிலிருந்து முகத்தை எடுக்க வேண்டும். எடுத்தால் தொழில் உண்டு. எடுக்காவிட்டால், நாற்பத்தெட்டு வயதில் வேறு எதற்குமே லாயக்கில்லாத ஒரு முதுகு மட்டும் உண்டு.

ஸ்ரீவத்சன் மரியாதையாக உட்கார வைத்தார். "உங்களுக்கு இதுல வருத்தமா சார்? எங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்க பேர்ல நல்ல அன்பு இருக்கு மக்களுக்கு."

"தோக்கறப்ப உங்க மூஞ்சியப் போடலாமே சார். அன்பு உங்களுக்கு வரட்டும்."

ஸ்ரீவத்சன் சிரித்துக்கொண்டார். "பிரச்சினை என்னன்னா, திகழ் சார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். என் முகம் தோக்கக் கூடாது. கேம்னா ஒருத்தன் தோத்துத்தான் ஆகணும், இல்லேன்னா அது கேம் இல்ல, கும்பாபிஷேகம். அதனால தோக்கற நொடியில கவசத்துக்குள்ள வேற ஆள்னு முடிவாச்சு. நாங்க முகமே இல்லாம ஒரு இரும்பு மண்டைதான் வெச்சிருந்தோம்."

"அப்புறம்?"

"சார்தான் பார்த்துட்டு, இது ஜீவனா இல்லியே, எத்தி முகத்தைப் போடுங்கன்னார். அவர்கிட்ட நீங்களே கேட்டுடுங்க சார்னோம். கேக்கவே வேணாம், எத்தி ஒண்ணும் சொல்ல மாட்டான்னுட்டார்." ஸ்ரீவத்சன் சற்றே நிறுத்தினார். "உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

எத்திராஜ் ஒன்றும் சொல்லவில்லை. திகழ்மாறனுக்கு ஆள் அறிவு உண்டு.

கடற்கரைச் சாலை பங்களாவில் பேரண்ட நாயகன் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். முகம் முழுக்கப் பச்சை மண் பூச்சு. அது காய்கிறவரை முகத்தை அசைக்கக் கூடாது என்பது அழகுக்கலை நிபுணரின் கண்டிப்பு. அதனால் அன்றைய உணர்ச்சிகளை எல்லாம் அவர் உதட்டோரத்தால் மட்டுமே வெளிப்படுத்த வேண்டியிருந்தது. அவருடைய நடிப்பைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

"எத்தி. நீ வந்தா நான் எந்திரிச்சுக் கட்டிப் புடிப்பேன். இன்னிக்கு முடியாது. காயுது."

"அண்ணே, என் மூஞ்சியப் போடச் சொன்னது நீங்களாண்ணே?"

"ஆமா." குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. "உனக்காக வேற யாரு சொல்லுவா? இத்தன வருஷம் எனக்குப் பின்னாடியே நின்னுட்ட. ஒரு நாய்க்கும் உன்னத் தெரியாது. எனக்கு மனசு கேக்கலடா. இவனுக்கும் ஒரு அடையாளம் கிடைக்கட்டும்னு சொன்னேன்."

"துரோகின்னு சொல்றீங்கண்ணே. உங்க குரல்ல."

"அது டயலாக். எழுதிக் குடுத்தான், பேசினேன். நான் உன்னப் போயி துரோகின்னு சொல்வனா?"

"எனக்கு வேல இல்லண்ணே. எவனும் கூப்புடறதில்ல."

"என் படம் இருக்குல்ல."

"உங்க அடுத்த படத்துக்கு வேற ஆள் போட்டுட்டதா மேனேஜர் சொல்றாரு."

திகழ்மாறன் பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். கடல் பேசிக்கொண்டிருந்தது.

"அந்தப் பையன் மூஞ்சி யாருக்கும் தெரியாது எத்தி. அதான்," என்றார் கடைசியில், உதட்டோரத்தால். பிறகு மெல்லக் கண்களை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று எத்திராஜ் பதறிக் குனிந்தார். ஒரு பெண் வந்து மூடிய கண்களின்மேல் வெள்ளரிக்காய் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் கஸ்தூரி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "அவன் உன்னக் கட்டிப் புடிக்கறப்பவே சொன்னேன்," என்றாள். "கையில எண்ணெ இருந்தா தொடைக்கறதுக்குத்தான் கட்டிப் புடிக்கறான்னு. நீ சட்டைய மோந்து பாத்துக்கினே வந்த."

எத்திராஜ் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அவருக்கு வலித்தது திகழ்மாறன் செய்ததுகூட இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அண்ணே, உங்க முகம் தோக்கக் கூடாது, என்னோடதப் போட்டுக்கங்க என்று அவரே சிரித்துக்கொண்டே நீட்டியிருப்பார். அது தெரிந்ததனால்தான் திகழ்மாறன் கேட்கவே இல்லை.

மழைக்காலம் வந்து போனது. எத்திராஜ் ஒரு குடோனில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போய், அங்கேயும் ஒருவன் "டூப்பு சார், மூட்ட சரியா இருக்கா, டூப்பா" என்று கேட்டதில் வேலையை விட்டு நின்றுகொண்டார். அப்படி அவர் வீட்டிலிருந்த ஒரு முற்பகலில்தான் ஸ்ரீவத்சன் வாசலில் செருப்பைக் கழற்றினார். கண்ணாடிக் கட்டடம் சாலிகிராமத்துக்கு நடந்து வருகிறதென்றால் அங்கே ஏதோ பெரிதாக விரிசல் விட்டிருக்க வேண்டும்.

"சார் எழுந்துக்க மாட்டேங்கறார்," என்றார் ஸ்ரீவத்சன்.

"எந்த சாரு?" என்றாள் கஸ்தூரி.

"இவர்தான். உள்ள இருக்கற சார்."

கஸ்தூரி புருஷனைப் பார்த்தாள். புருஷன் நாற்காலியில்தான் இருந்தார்.

ஸ்ரீவத்சன் தண்ணீர் குடித்துவிட்டு விளக்கினார். நகல் ஒன்றுதான். எல்லா ஊர் மெஷினுக்கும் அந்த ஒருவர்தான் ஓடி ஓடி விழுகிறார். விழுந்தது மறந்துபோனால் அதையே மறுபடி செய்வார் என்பதால் நினைவை அழிக்காமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கம்பெனியின் மென்பொருள் அவரைத் தூக்கி நிறுத்தும். அடுத்த ஆட்டம் தொடங்கும். சில வாரங்களாகத் தூக்கி நிறுத்தினால் நிற்பதில்லை. அப்படியே படுத்துவிடுகிறார். திரை முன்னால் ஜனம் காசு கட்டிவிட்டுக் காத்திருக்கிறது.

"படுத்துண்டு ஒரு வார்த்தை கேக்கறார் சார். கட்டா, கட்டான்னு. எங்க டீம்ல ஒருத்தர் இந்தியில அது புளிப்புன்னார். நாக்கையே நாங்க பதிவு பண்ணலியே, புளிப்பு எப்படித் தெரியும்னு ரெண்டு வாரம் ஆராய்ச்சி. ஒரு பேப்பர்கூட சமர்ப்பிச்சுட்டோம்."

எத்திராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அன்னிக்கு சாயங்காலம்," என்றார் மெதுவாக, "உங்காளுங்க கைதட்டுனாங்க. தேங்க் யூன்னாங்க. கட் சொன்னாங்களா?"

"கட்?"

"விழுந்தவன் கட்டுன்னு காதுல விழற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது சார். எந்திரிச்சா ஷாட்டு போச்சு. தீப்புடிச்சாலும் சரி, ரத்தம் வந்தாலும் சரி. அதான் எங்க வேல. நான் அந்தக் கூடையக் கழட்டுன ஒடனே எந்திரிச்சு வந்துட்டேன். அவன்…" எத்திராஜ் நிறுத்தினார். "அவனுக்கு இன்னும் ஷாட்டு முடியல."

ஸ்ரீவத்சனின் முகத்தில் பேப்பரைத் திரும்பப் பெற வேண்டுமே என்ற கவலை ஓடியது.

"அவனுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"வலி இல்லேன்னா பயம் வராதும்மா. பயப்படாம விழுந்தா, பார்க்கறவனுக்குத் தெரிஞ்சுடும்." மிக நல்ல பொருளைப் பற்றிப் பேசுகிற பெருமை குரலில் இருந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார். "பொங்கலுக்கு ரெண்டாம் பாகம் வருது. ‘சனிப்பெயர்ச்சி: வக்ர கதி’. அதுக்குள்ள அவர் எழுந்தாகணும். நாங்க சொன்னா கேக்கல. நீங்க பேசினா கேப்பார்னு தோணுது. அவர் எழுந்துட்டார்னா, உங்க முகத்தை எல்லா மெஷின்லேர்ந்தும் எடுத்துடறோம். பழைய இரும்பு மண்டையே போதும்னு திகழ் சார்கிட்ட நான் பேசிக்கறேன்."

"எழலேன்னா?"

"விழுந்த பழைய பதிவெல்லாம் கோடிக்கணக்குல இருக்கு. அதையே ஓட்டிக்க வேண்டியதுதான். அப்ப முகத்தை மாத்த எங்களுக்கு என்ன அவசியம் சொல்லுங்க?"

"நான் போயி கட்டுன்னு சொல்லிட்டா?"

ஸ்ரீவத்சன் யோசித்தார். "வேலை முடிஞ்சதுன்னு அவர் மனசுக்குத் தெரிஞ்சுட்டா எல்லாம் அடங்கிடும்னு நினைக்கறேன். தூங்கற மாதிரி. அப்புறம் யாராலயும் எழுப்ப முடியாது."

கஸ்தூரி சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "நம்ம மூஞ்சிய அவனுங்ககிட்டேர்ந்து வாங்கினு வா. அவ்ளோதான்," என்றாள், இஸ்திரிக்குப் போட்ட துணியை வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

அதே கூடம். அதே கூடையைத் தலையில் வைத்தார்கள். காது பக்கம் ஒரு மைக். கண் முன்னால் சனி கிரகம் விரிந்தது. படத்துக்காகப் போட்ட அதே செம்மண், அதே அட்டைப் பாறைகள். பாறை ஓரமாக அவன் கிடந்தான். இடது தோளைக் கீழே கொடுத்து, வலது காலை மடக்கி, அசையாமல். எத்திராஜுக்கு அந்தக் கிடை தெரியும். முதுகு பிடித்துக்கொண்டிருக்கும்போது அப்படிப் படுத்தால்தான் மூச்சு விட முடியும். கவசம் திறந்து கிடந்தது. இத்தனை மாதமாக டீ ஷர்ட்டிலும் ஆட்டோவிலும் பார்த்துப் பார்த்து அவர் வெறுத்த முகம்.

எத்திராஜ் தொண்டையைக் கனைத்தார். முகம் சட்டென்று இவர் பக்கம் திரும்பாமல், கண்ணை மட்டும் திருப்பியது. ஷாட்டில் இருக்கிறவன் தலையைத் திருப்ப மாட்டான்.

"யாரு, மாஸ்டரா?"

எத்திராஜ் "ம்" என்றார்.

"கட்டா மாஸ்டர்?"

எத்திராஜால் உடனே பேச முடியவில்லை. அவன் அந்த மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாஸ்டர். எத்தினி டேக்குன்னு மறந்து பூட்டேன். ஒடம்பு ஒத்துக்கல. காலைல கெளம்பறப்ப கஸ்தூரிக்கு ஜுரம், கொதிக்குது. அண்ணன் சொல்லிட்டாரேன்னுதான் வந்தேன். முடிஞ்சிதுன்னா ஒரு போன் போட்டுட்டுக் கெளம்பிடுவேன்."

எத்திராஜுக்கு அந்த ஜுரம் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் பிரெட்டும் பாலும் வாங்கிக்கொண்டு போனார். போவதற்குள் ஜுரம் விட்டிருந்தது. கஸ்தூரி எழுந்து உட்கார்ந்து, பிரெட் எதற்கு, நான் என்ன பிரசவித்தா படுத்திருக்கேன் என்று திட்டினாள். மறுநாளே மறந்துபோன ஜுரம். இவனுக்கு அது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் பாத்தாரா மாஸ்டர்?" என்றான் அவன். "இன்னா சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னாரு."

அந்த முகம் சிரித்தது. ஊரே துரோகி என்று பார்த்துப் பழகிய முகம், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற முகமாக இருந்தது. எத்திராஜ் அதை அதுவரை எதிரே நின்று பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்க்கும்போது இவ்வளவு தெரிவதில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் ஸ்ரீவத்சன் கட்டை விரலை உயர்த்திக் காட்டியிருப்பார் என்று தோன்றியது. கூடைக்குள்ளிருந்து அதெல்லாம் தெரியவில்லை. தெரிந்தது இவன் மட்டும்தான். கட், ஒரே வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டித் தயாராக நின்றது. அதைச் சொல்லாமல் எழுப்பிவிட்டால், பொங்கலுக்குப் பிறகு கஜபதி மாஸ்டரின் போன் வரும். பால்கனியிலிருந்து திரும்பும்போது காது பக்கம் எவ்வளவு தெரிந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். டீக்கடையில் கிளாஸைக் கையில் எடுத்தால் வெறும் டீ குடிக்கிற ஆளாக இருக்கலாம்.

"மாஸ்டர்?"

"ஒன் மோர் டேக்," என்றார் எத்திராஜ்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கோபமோ முணுமுணுப்போ வரவில்லை.

"எதுனா தப்பா பூட்ச்சா மாஸ்டர்?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. சேஃப்டிக்கு ஒண்ணு."

"சரிங்க மாஸ்டர்."

ஒரு கையைத் தரையில் ஊன்றி, முதுகை நிதானமாக நிமிர்த்தி அவன் எழுந்தான். முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டான். எங்கேயோ தூரத்தில் ஒரு மாலில் எவனோ காசு கட்டிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்; பாறைகளுக்குப் பின்னால் இரும்பர்கள் வரிசை கட்டத் தொடங்கினார்கள். அவன் தன் அடையாளப் புள்ளியைத் தேடிப் போய்க் கால்களை அகட்டி நின்றான். கவசத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். இப்போது முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது பேரண்ட நாயகனின் முதுகு மாதிரியே இருந்தது.

"ரெடி மாஸ்டர்," என்றான்.